பாம்புச் சீட்டுக்கட்டு

எங்கள் ரயில் ரம்மியில் நான் கீழே போடுகிற சீட்டை எடுக்கும் முறை என் தோழியுடையது. கோலார் தங்கவயலில் ஏறும் நான் ஜன்னலோரம் உட்காருவேன். பங்காருப்பேட்டையில் ஏறும் அவள் எனக்குப் பக்கத்தில். எதிர் பெஞ்சில் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் அண்ணனும், பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நர்ஸ் அக்காவும். நாலு பேர் முழங்காலுக்கும் நடுவே என் லேப்டாப் பையைப் படுக்க வைத்து, அண்ணனின் துண்டை விரித்தால் மேஜை தயார். இருப்பது ஒரே கட்டு என்பதால் ஏழு சீட்டு ரம்மி. தோற்றவர் எல்லாருக்கும் வடை வாங்க வேண்டும்.

அவளுக்கு என்ன தேவை என்று யோசித்து, அதைத் தவிர மற்றதைப் போடுவதுதான் தினமும் என் முதல் வேலை. அப்படியும் அவள்தான் ஜெயிப்பாள். எட்டைத் தனக்கு வேண்டாத மாதிரி அலட்சியமாக வீசுவாள். எட்டே வேண்டாம் என்கிறவளுக்கு ஒன்பது எதற்கு என்று நம்பி நான் ஒன்பதைப் போடுவேன். அதை லபக்கென்று எடுத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தது என்று ஷோ அடிப்பாள். இந்தத் தூண்டிலில் நான் எத்தனை முறை சிக்கினேன் என்று கேட்டால் எனக்கே வெட்கம். வருஷக்கணக்காக அவள் வடையை நான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அவளும் நானும் வேலை செய்வது ஒரே ஆபீஸ், ஒரே டீம். வைட்ஃபீல்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்துப் போய்ச் சேருவோம். சாஃப்ட்வேர் எங்கே உடையும் என்று கையால் தட்டித் தட்டிப் பார்க்கிற டெஸ்டிங் வேலை. எது எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. யாரையும் சுலபத்தில் நம்பாத குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே, விடுவேனா?

ஒரு நாள் மேனேஜர் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து, இனிமேல் இந்த வேலையைப் புரோகிராம்களே செய்யும் என்றார். அந்தப் புரோகிராம்களை எழுத நாங்கள் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. கற்றுக்கொள்ள முடியாதவர்கள் என்ன ஆவார்கள் என்று யாரோ கேட்டார்கள். அவர் லேப்டாப்பைப் பார்த்தபடியே "பார்க்கலாம்" என்றார்.

அந்த "பார்க்கலாம்" எனக்குப் பழக்கமான சொல். தங்கச் சுரங்கம் மூடப்போகிறது என்ற பேச்சு வந்தபோது அப்பாவிடமும் அதையேதான் சொன்னார்கள். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே மூடினார்கள். அப்பா அதற்குப் பிறகும் ரொம்ப நாள் ஷிஃப்ட் நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். என் சம்பளத்தில்தான் இப்போது மகளின் காலேஜும் அம்மாவின் இன்சுலினும் நடக்கின்றன. அன்று ஆட்டோவில் திரும்பும்போது இந்தப் பயத்தை அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் சில்லென்றுதான் இருந்தது.

வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முயன்றேன். ரயிலில் மாலூர் தாண்டினால் நெட்வொர்க் போய்விடும். வீட்டில் பார்த்தால், அந்தப் பையன் இங்கிலீஷில் கடகடவென்று பேசுவதைக் கேட்டு நன்றாகத் தூக்கம் வரும். கடைசியில் என் மகள் ஆன்லைனில் ஏதோ தேடிப் பிடித்து ஒரு சீட்டுக்கட்டை வரவழைத்தாள். பைத்தான் கற்றுக்கொள்ளப் படம் போட்ட சீட்டுகள். நாலு நிறம், ஒவ்வொரு நிறத்திலும் சைபரிலிருந்து பன்னிரண்டு வரை. பைத்தான் என்றால் மலைப்பாம்பாம், அதனால் எல்லாச் சீட்டிலும் ஒரு பாம்பு ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற லூப் என்ற சீட்டில் ராட்டினத்தில் சுற்றும். இஃப் சீட்டில் இரண்டாகப் பிரியும் பாதையில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும், பாம்புக்கு எங்கிருந்து கை வந்தது என்று கேட்கக் கூடாது. நீல நிறத்தில் ஆறாம் சீட்டு லிஸ்ட். அதில் பாம்பே ஒரு ரயில், உடம்பெல்லாம் பெட்டி பெட்டியாக எண் போட்டிருக்கும். படத்துக்குக் கீழே ஒரு வரி கோட்.

ரயிலில் தனியாகப் புரட்டிப் பார்க்கலாம் என்றுதான் எடுத்துப் போனேன். கோர்ட் அண்ணன் கண்ணில் பட்டுவிட்டது. எங்கள் பழைய கட்டோ நைந்துபோய், தொலைந்துபோன ஸ்பேட் ராணிக்குப் பதில் ஒரு பல் டாக்டரின் விசிட்டிங் கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாமா, புதுக் கட்டு வாங்கி வச்சுகினு கமுக்கமா கீற?" என்று பிடுங்கி விரித்தார். "இன்னாது இது, எல்லாம் பாம்பு?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீட்டுனா ஆடணும். பாத்துகினு குந்தினா மண்டையில ஏறாது. கலை."

அன்றே சட்டமும் போட்டார். சும்மாவா, கோர்ட்டில் இருக்கிறவர். சீட்டைக் கீழே போடுகிறவர், அதில் இருப்பது என்ன வேலை செய்யும் என்று சொல்லியே போட வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அந்தச் சீட்டைப் போட முடியாது, தெரிந்த சீட்டு எதுவோ அதைத்தான் போட வேண்டும். அது எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் சரி. சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டோம். ரெண்டு ஆட்டத்திலேயே சிரிப்பு போய்விட்டது. லூப் தெரியாத ஒரே காரணத்துக்காக, கையில் சேர்ந்திருந்த வரிசையை உடைத்து அவளுக்குத் தாரை வார்த்தேன். எந்த வாத்தியாரும் என்னை இப்படி விரட்டியதில்லை. அன்று ராத்திரியே லூப் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

கொஞ்ச நாளில் பெட்டியே எங்களை வேடிக்கை பார்த்தது. படிக்க வேண்டிய அவசியமே இல்லாத அக்காவும் அண்ணனும்கூட ஆட்டத்துக்காகப் படித்தார்கள். "இஃப்னா, பிபி ஏறினா மாத்திரை, ஏறலன்னா வீட்டுக்குப் போ" என்று சொல்லி நர்ஸ் அக்கா சீட்டை வீசுவாள். ஒரே டீமான என் தோழியும் நானும் ஒருத்தி தடுமாறினால் இன்னொருத்தி எடுத்துக் கொடுப்போம். "ஸ்வல்ப யோசி, ராட்டினம், ராட்டினம்" என்று கன்னடம் கலந்து சொல்வாள். இப்படியே போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒரு மத்தியானம் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் மட்டும் கூப்பிட்டார். புது டீமில் எங்கள் வேலைக்கு ஒரே ஓர் இடம்தான், டெஸ்ட்டையும் இன்டர்வியூவையும் பார்த்து உங்களில் ஒருவரை வைத்துக்கொள்வோம் என்றார். இரண்டு பேரும் தலையாட்டினோம். வெளியே வந்ததும் அவள் தண்ணீர் குடிக்கப் போனாள், நான் பாத்ரூமுக்குப் போனேன். சாயங்காலம் ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாளிலிருந்து ஆட்டமே மாறிப்போனது. அவள் யோசி, ராட்டினம் என்பதெல்லாம் நின்றது. நானும் சீட்டைப் போடும்போது அளந்து பேசினேன். "லூப். சுத்தும்." அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததில் ஒரு சொல் கூடுதலாகச் சொன்னாலும் அவள் காதில் விழுந்துவிடுமே.

"அவ்ளோதானா? நேத்து வரைக்கும் கதை கதையா சொன்ன?" என்றாள் நர்ஸ் அக்கா.

"சட்டப்படி போதும்" என்றேன். கோர்ட் அண்ணன் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தன் சீட்டை எடுத்தார்.

பங்காருப்பேட்டை நெருங்கும்போது தண்டவாளத்தை ஒட்டி அவள் கட்டிக்கொண்டிருக்கும் வீடு தெரியும். கீழ்த்தளம் எழும்பி, மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டத் தொடங்கியபோது ஒவ்வொரு வரிசை செங்கல்லுக்கும் எனக்கு வர்ணனை நடக்கும். இப்போது அந்த இடம் வந்தால் நான் போனைப் பார்த்துக்கொண்டேன். அந்த வீட்டைப் பார்த்தால் அவளுக்காக மனசு இளகிவிடும், இளகினால் நான் தோற்பேன் என்ற பயம்.

அப்புறம் ஒரு நாள் வெடித்தது. நான் டிக்‌ஷனரி சீட்டைப் போட்டேன், பாம்பு சாவிக்கொத்து வைத்திருக்கும் சீட்டு. "சாவி கொடுத்தா சாமான் கிடைக்கும்" என்றேன்.

"தப்பு. ஒரே சாவிக்கு ரெண்டு சாமான் வைக்க முடியாது. அதையும் சொல்லணும். சீட்டை எடு" என்றாள் அவள்.

"அது சட்டத்துல இல்ல."

"அப்ப உனக்குத் தெரியாது. எடு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. கையிலிருந்த எல்லாச் சீட்டையும் துண்டின் மேல் அடித்தேன். "நீ வீடு கட்டணும்னா நான் தெருவுக்கு வரணுமா?" என்று கத்தினேன். பக்கத்துப் பெஞ்சில் சாமந்திப்பூ மூட்டையோடு இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குனிந்து, கீழே சிதறியதையெல்லாம் பொறுக்கி, பெஞ்சுக்கடியில் போன ஒன்றையும் செருப்பால் இழுத்து எடுத்து, கட்டாக அடுக்கி என் மடியில் வைத்தாள். கோர்ட் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள். சீட்டு ஆடவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பையிலிருந்து கேட்காமலேயே கட்டை எடுத்தாள். நாலு சீட்டை விசிறியாகப் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்த நடு ரெண்டும் வேண்டாத சீட்டுன்னு வச்சுக்கோ. லூப் ஒண்ணொண்ணா பாத்துகினு வருது. முதல் வேண்டாதது வந்துச்சு, உருவிட்ட." உருவினாள். அடுத்த சீட்டு நகர்ந்து அந்த இடத்தை மூடியது. "இப்ப ரெண்டாவது வேண்டாதது இதோட இடத்துக்கு வந்துடுச்சு பாரு. ஆனா லூப் அடுத்த இடத்துக்குப் போயிடும். இது தப்பிச்சிடும். ஓடற லிஸ்ட்லருந்து எடுக்காத. வேணுங்கறத மட்டும் வேற லிஸ்ட்ல எடுத்து வை."

நான் பழகி வைத்திருந்த முறையே அதுதான். ரயிலில் ரம்மி ஆடுகிற கைக்கு அதுதான் வரும். வேண்டாததைக் கண்டதும் உருவிப் போடு, இடைவெளியை உடனே மூடு. காற்றில் சீட்டு பறக்காது, எதிரில் இருப்பவரும் எட்டிப் பார்க்க முடியாது. நான் எழுதிப் பார்த்த ஒவ்வொரு புரோகிராமிலும் இதைத்தான் செய்திருந்தேன்.

ஆனால் அடுத்த நொடியே வேறு நினைப்பு வந்தது. இவள் ஏன் எனக்குச் சொல்கிறாள்? எட்டை வீசி ஒன்பதைப் பிடுங்குகிறவள் ஆயிற்றே. நான் சரியாக எழுதுவதை மாற்ற வைக்கிறாளோ? "சரி" என்று மட்டும் சொன்னேன். அவள் சீட்டுகளைக் கட்டில் செருகி என் பையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தூங்கவில்லை, கண்ணிமை துடித்துக்கொண்டிருந்தது.

டெஸ்ட்டில் முதல் கேள்விகள் ஓடிவிட்டன. பிறகு வந்தது அது. ஒரு லிஸ்ட் நிறைய ரிசல்ட், அதில் ஃபெயில் ஆனதையெல்லாம் நீக்க வேண்டும். என் விரல்கள் பழகியபடியே எழுதிவிட்டன: சுற்று, ஃபெயிலா பார், உருவு. ஓட்டிப் பார்த்தேன். அவர்கள் கொடுத்திருந்த மாதிரி லிஸ்டில் சரியாகவே வந்தது. பார், நன்றாகத்தானே இருக்கிறது, தூண்டில்தான் போட்டாள் என்று நினைத்தேன். ஸப்மிட் பட்டன் வரைக்கும் மவுஸ் போய்விட்டது.

அங்கே நின்றேன். யாரையும் நம்பாத குணம் என்று பீற்றிக்கொண்டேனே, அப்படியானால் என்னை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? மாதிரி லிஸ்டில் இரண்டு ஃபெயில் பக்கத்தில் பக்கத்தில் இல்லவே இல்லை. நானே இரண்டை அடுத்தடுத்துப் போட்டு ஓட்டினேன். ஒன்று போனது. இன்னொன்று அப்படியே உட்கார்ந்திருந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அழித்து, வேண்டியதை மட்டும் வேறு லிஸ்டில் எடுத்து வைக்கும்படி எழுதி, ஸப்மிட் செய்தேன். ரெண்டு டேபிள் தள்ளி அவள் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

இன்டர்வியூவுக்கு முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்து, காத்திருந்த என் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள்.

"கோட் பத்தி ஒண்ணும் பெருசா கேக்கல. அமெரிக்காக்காரங்களோட சாயங்காலத்துக்கு மேல கால் இருக்குமாம், இருக்க முடியுமான்னு கேட்டாங்க" என்றாள்.

"நீ இன்னா சொன்ன?"

"சாயங்கால ரயிலை விட்டா எனக்கு வீடு போய்ச் சேர வழி இல்லன்னு சொன்னேன். ரயில்லருந்து பேசறேன்னேன். உண்மை அதானே?"

உண்மை அதுதான். எனக்கும் அதே ரயில்தான், அவள் இறங்கிய பிறகும் நான் தங்கவயல் வரை போக வேண்டும். என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே அதே கேள்வி வந்தது. "நோ ப்ராப்ளம் சார்" என்றேன். பெங்களூரிலேயே ஒக்கலிபுரத்தில் சித்தி வீடு இருக்கிறது, வாரம் முழுக்க அங்கே கிடந்துகொள்ளலாம் என்று அந்தக் கதவைத் திறக்கிற நேரத்தில்தான் யோசித்தேன். அவள் சொல்லியிருக்காவிட்டால் நானும் ரயிலைத்தான் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை முடிவு சொன்னார்கள். கோடில் அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். இடம் எனக்கு. அவள் ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, டம்ளரையும் ஸ்வெட்டரையும் பையில் போட்டுக்கொண்டாள். எனக்கு மகிழ்ச்சி வந்தது, பொய் சொல்ல மாட்டேன், உடம்பே லேசானது. அவள் ஸ்வெட்டரை மடித்த விதத்தைப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சி போன இடம் தெரியவில்லை. "சாயங்காலம் ரயில்ல பாக்கலாம்" என்றாள். ரயிலில் அவள் இல்லை.

திங்கட்கிழமை காலை, பங்காருப்பேட்டை வருமுன்பே எதிர் பெஞ்சில் இருந்த இருவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நர்ஸ் அக்கா உச்சுக்கொட்டினாள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்கு ஜன்னல் வழியாக அந்த வீட்டைப் பார்த்தேன். ரெண்டு பேர் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மாமனார் பக்கத்தில் நின்று கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ரயில் நின்றது. அவள் ஏறினாள். இஸ்திரி போட்ட சுடிதார், டிபன் பை, கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டின் கலரில் ஒரு பட்டை. எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கியிருக்க வேண்டும். அதன் முனையில் கார்டு எதுவும் இல்லை, நுனியைத் துப்பட்டாவுக்குள் செருகியிருந்தாள். வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்ல இன்னும் சொல்லல" என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு, "இன்னா எல்லாம் பாத்துகினு கீறீங்க? துண்டை விரிங்க" என்றாள்.

கோர்ட் அண்ணன் விரித்தார். நான் கலைத்துப் போட்டேன். பாம்புக் கட்டுதான், வேறு கட்டு இல்லை. முதல் சுற்றிலேயே நான் போட்ட நீல ஐந்தை அவள் எடுத்தாள். எடுத்துச் செருகிய இடத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று, நாலு, ஐந்து சேர்ந்துவிட்டது. நீல ஆறும் வந்தால் நாலு சீட்டு வரிசை, அதோடு ஷோ அடிப்பாள். நீல ஆறு ஆரம்பத்திலிருந்தே என் கையில் இருந்தது. சாதாரண நாளாக இருந்தால் மாலூர் என்ன, வைட்ஃபீல்டு வரைக்கும் அதை விட்டிருக்க மாட்டேன்.

அடுத்து என் முறை வந்தபோது அதை உருவித் துண்டின் மேல் வைத்தேன். பெட்டி பெட்டியாக ரயில்பாம்பு. சட்டப்படி சொல்ல வேண்டும்.

"லிஸ்ட்" என்றேன். "வரிசையா வச்சிருக்கும். நடுவுல ஒண்ணை எடுத்தா, அடுத்தது நகர்ந்து அந்த இடத்துக்கு வந்துடும்."

நர்ஸ் அக்கா தன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் அவள் அந்த நீல ஆறைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கை அதை நோக்கிப் போகவில்லை. கவிழ்த்து வைத்த கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள், பார்த்தாள், உதவாத சீட்டு போலிருக்கிறது, தன் கையிலேயே செருகிக்கொண்டாள்.

"ஒழுங்கா ஆடுடி" என்றாள்.